லடாக் எல்லையில் படைகள் பின்வாங்கிய பிறகும் ஏன் இவ்வளவு வீரர்கள் அங்கேயே இருக்கிறார்கள்?

2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் இரண்டு இடங்களிலும் இந்திய-சீனப் படைகள் விலகிவிட்டதாக அறிவித்தார்கள். ஆனாலும் இரு பக்கமும் பல்லாயிரம் வீரர்கள் குளிர்காலத்தைக்கூட அங்கேயே கழிக்கிறார்கள் என்று படிக்கிறோம், இதில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் உண்மை. இந்த வேலை மூன்று கட்டங்கள் கொண்டது. நேருக்கு நேர் நிற்பவர்களை விலக்குவது முதல் கட்டம். அவர்களுக்குப் பின்னால் முன்தளங்களில் குவித்த டாங்கி, பீரங்கி, ஏவுகணைகளைக் குறைப்பது இரண்டாவது. 2020-ல் எல்லையில் மோதல் மூண்டபோது வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த படைப்பிரிவுகளை அவற்றின் பழைய முகாம்களுக்கே திருப்பி அனுப்புவது மூன்றாவது. 2024-ல் முடிந்தது முதல் கட்டம் மட்டுமே. அடுத்த இரண்டும் ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு, முதல் கட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே இருப்பது சர்வதேச எல்லை அல்ல, உண்மைக் கட்டுப்பாட்டுக் கோடு. எல்ஏசி என்பார்கள். அது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட எந்த வரைபடத்திலும் இல்லை. எல்லையின் நீளத்திலேயே ஒற்றுமை கிடையாது: இந்தியக் கணக்கு 3,488 கி.மீ., சீனா சொல்வது சுமார் 2,000. பல இடங்களில் நம் கோடு ஒன்று, அவர்கள் கோடு ஒன்று. நடுவில் உள்ள நிலத்துக்கு இருவரும் ரோந்து போகிறார்கள். பாங்காங் ஏரியின் வடகரையில் மலை முகடுகள் விரல்களைப் போல ஏரிக்குள் நீண்டிருக்கும். எட்டாவது விரல் வரை நம்முடையது என்பது இந்தியாவின் நிலை. நான்காவது வரை தன்னுடையது என்பது சீனாவின் நிலை. இடையில் சுமார் 8 கி.மீ. இரண்டு ரோந்துக் குழுக்கள் ஒரே நாளில் கிளம்பினால் எதிரெதிரே சந்திக்க நேரலாம்.

அப்படிச் சந்தித்தால் என்ன செய்வது என்று எழுதி வைக்காமல் இல்லை. 1993, 1996, 2005, 2013 என நான்கு முக்கிய ஒப்பந்தங்கள் இருக்கின்றன. எல்ஏசியிலிருந்து 2 கி.மீ.க்குள் துப்பாக்கி சுடக் கூடாது, வெடி வைக்கக் கூடாது, வேட்டைகூட ஆடக் கூடாது. 10 கி.மீ.க்குள் போர் விமானம் பறக்கக் கூடாது. சுமார் 15,000 பேர் கொண்ட ஒரு டிவிஷனுக்கு மேற்பட்ட பெரிய பயிற்சியை எல்லையருகே தவிர்க்க வேண்டும். சுமார் 5,000 பேர் கொண்ட ஒரு பிரிகேடைத் தாண்டினாலே முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். இவை 1996-ன் விதிகள். எதிரெதிரே வந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், முன்னேறக் கூடாது, தலைமையிடத்துக்குச் சொல்லிவிட்டு முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்பது 2005-ன் விதி. நடைமுறையில் "இது எங்கள் பகுதி, திரும்பிப் போங்கள்" என்று எழுதிய பேனரை விரித்துக் காட்டுவார்கள். எதிராளியும் தன் பேனரை விரிப்பான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இருவரும் கலைவார்கள். ஒருவரின் ரோந்தை மற்றவர் பின்தொடரக் கூடாது என்பது 2013-ல் சேர்த்தது.

இதற்கு மேல் சிக்கல் என்றால் ஃபிளாக் மீட்டிங், அதாவது இரு தரப்பு அதிகாரிகளும் எல்லையில் நேரில் சந்தித்துப் பேசுவது. சுஷுல்-மோல்டோ, தௌலத் பெக் ஓல்டி, நாதுலா, பும்லா, கிபிது ஆகிய ஐந்து இடங்களில் அதற்கென்றே குடில்கள் உள்ளன. 2020-ல் முதல் முறையாக இந்தப் பேச்சு கோர் கமாண்டர் அளவுக்கு ஏறியது. லேயில் உள்ள 14-வது கோரின் தலைவரான லெப்டினன்ட் ஜெனரல் ஒரு பக்கம், தெற்கு சின்ஜியாங் ராணுவ மாவட்டத் தளபதி மறுபக்கம். முதல் சுற்று ஜூன் 6 அன்று மோல்டோவில். 2024 பிப்ரவரிக்குள் 21 சுற்றுகள் ஆகிவிட்டன.

அந்த முதல் சுற்றுக்கும், லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இரு படைகளும் மோதிக்கொண்டதற்கும் ஒன்பதே நாள் இடைவெளி. இந்த ஒன்பது நாளைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். விலகுவது என்று முடிவாகிவிட்டது. உள்ளூர் தளபதிகள் அதைச் செயல்படுத்திக்கொண்டிருந்தார்கள். எல்ஏசிக்கு நம் பக்கம் சீனத் தரப்பு ஒரு கட்டுமானத்தை எழுப்ப முயன்றதுதான் சண்டைக்குக் காரணம் என்பது இந்திய அரசின் கூற்று. சீனா பழியை நம் மேல் போடுகிறது. பழி யார் மேல் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். செயல்படுத்திய விதத்தையும் பாருங்கள்: எதிராளி நிஜமாகவே போய்விட்டானா என்பதை, கோபத்தில் இருக்கும் வீரர்கள் இருட்டும் நேரத்தில், ஒடுங்கிய ஆற்றுப் பள்ளத்தாக்கில், கையெட்டும் தூரத்தில் நின்று சரிபார்க்க வேண்டியிருந்தது. சுடக் கூடாது என்ற விதி சுடுவதைத்தான் தடுத்தது. ஆணி பதித்த தடிகளையும் கற்களையும் தடுக்கவில்லை. ஜூன் 15 இரவில் இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் 17 பேர் படுகாயத்தோடு உறைகுளிரில் கிடந்து உயிரிழந்ததாக ராணுவம் சொன்னது. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் அந்த இருபது பேரில் ஒருவர். தன் தரப்பில் நான்கு பேர் இறந்ததாகச் சீனா 2021 பிப்ரவரியில்தான் ஒப்புக்கொண்டது.

அதன் பிறகு வேலை செய்யும் முறையே மாறியது. 2021 பிப்ரவரி 10 அன்று பாங்காங்கில் தொடங்கிய விலகலுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் தென்கரையில் மிக நெருக்கத்தில் நின்ற டாங்கிகள் பின்னால் போயின. பிறகு வீரர்கள். பிறகு, 2020 ஏப்ரலுக்குப் பின் இரு தரப்பும் வடகரையிலும் தென்கரையிலும் கட்டிய அமைப்புகளை இடிப்பது. சீனப் படை எட்டாவது விரலுக்குக் கிழக்கே, நம் படை மூன்றாவது விரலருகே உள்ள "தன்சிங் தாபா" என்ற முகாமுக்கு. எல்லாம் கட்டம் கட்டமாக, ஒரே நேரத்தில், சரிபார்த்துச் சரிபார்த்து. விலகல் முடிந்த 48 மணி நேரத்துக்குள் அடுத்த பேச்சு என்றும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். பிப்ரவரி 20-ல் அந்தப் பத்தாவது சுற்று 16 மணி நேரம் நீடித்தது. டாங்கியை முதலில் நகர்த்தியதற்குக் காரணம் உண்டு. ஒரே ஒரு ஆயுதம் பெரிய ஆபத்தை உண்டாக்கும் என்றால் அதுதான் முதலில் போக வேண்டும். அது போனதைச் செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகப் பார்க்கவும் முடியும், யாரும் கிட்டே போக வேண்டியதில்லை.

இதற்கு நாம் கொடுத்த விலை பற்றி நியாயமான சர்ச்சை உண்டு. 2020 ஆகஸ்ட் இறுதியில் நம் வீரர்கள் தென்கரையில் ரெசாங் லா, ரெச்சின் லா உள்ளிட்ட கைலாஷ் முகடுகளைப் பிடித்திருந்தார்கள். அங்கிருந்து சீனாவின் மோல்டோ முகாம் கண்ணெதிரே தெரியும். நம் கையிலிருந்த பலமான பிடி அதுதான். அதைப் பாங்காங்குக்கு மட்டும் ஈடாக விட்டுக்கொடுத்தோம். டெப்சாங்கையும் சேர்த்துப் பேரம் பேசியிருக்க வேண்டும் என்பது விமர்சனம். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். டெப்சாங்குக்கு அதன் பிறகு மூன்று ஆண்டுகள் எட்டு மாதங்கள் காத்திருந்தோம். ஆனால் எதிர்வாதத்திலும் சாரம் இருக்கிறது: 1975-க்குப் பிறகு முதல் முறையாக 2020 செப்டம்பரில் துப்பாக்கி வெடித்தது அந்த முகடுகளில்தான். அங்கே இன்னொரு குளிர்காலம் அப்படியே நின்றிருந்தால் யாராவது ஒருவரின் விரல் தவறியிருக்கலாம்.

இன்னொரு விலை பஃபர் மண்டலம். கல்வான், பாங்காங், கோக்ரா, ஹாட் ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் விலகியபோது இடையிலுள்ள நிலத்துக்கு இரு தரப்பும் ரோந்து போவதில்லை என்று ஏற்பாடு. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். உடனடியாக ரத்தம் சிந்தாமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் வருடங்கள் போகப் போக அது இறுகிவிடுகிறது. நாம் போகாத இடம் நம் இடம் என்ற வாதம் மெலிகிறது. சுஷுல் பக்கத்துச் சாங்பா மேய்ப்பர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. பஷ்மினா ஆடுகளைக் குளிர்காலத்தில் ஓட்டிப்போகும் பனி குறைந்த மேய்ச்சல் நிலங்கள் இந்தத் தடைக்குள் மாட்டிக்கொண்டதாக அவர்கள் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். டெல்லியில் இந்தக் குரலுக்கு இன்னும் கவனம் வேண்டும். மேய்ப்பன் வருடாவருடம் போய்வருவதே எல்லைக் கோரிக்கைக்கு ஒரு சான்று.

அந்த வகையில் 2024 அக்டோபர் 21 அன்று அறிவித்த ஏற்பாடு ஒரு படி மேலானது. டெப்சாங்கிலும் டெம்சோக்கிலும் ரோந்தைத் தடை செய்யாமல், பழைய இடங்களுக்கு மீண்டும் போவது, மேய்ச்சலையும் தொடர்வது என்று ஒப்புக்கொண்டார்கள். எதிரெதிரே மோதாமலிருக்க எப்போது போகிறோம் என்பதை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வார்கள்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதி. முன்வரிசை விலகினாலும் பின்னால் உள்ள படை ஏன் போவதில்லை? நிலம்தான் காரணம். திபெத் பீடபூமி ஓரளவு சமதளம். அங்கே நல்ல சாலைகள், விமான தளங்கள் உண்டு. சீனா நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்னால் போனாலும் விரைவில் திரும்பி வந்துவிடும். நம் படை ஸ்ரீநகரிலிருந்தோ மணாலியிலிருந்தோ உயரமான கணவாய்களைத் தாண்டி ஏற வேண்டும், அவை பனிக்காலத்தில் அடைபடும். மேலே ஏறியதும் உடனே பணியில் இறங்கவும் முடியாது; மெல்லிய காற்றுக்கு உடம்பு பழகப் பல நாட்கள் ஆகும். ஆகவே "இருவரும் 100 கி.மீ. பின்வாங்குவோம்" என்பது காகிதத்தில் சமம், மலையில் சமமில்லை. தூரத்தை விட்டுவிட்டு, திரும்பி வர ஆகும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால்தான் நியாயமான ஒப்பந்தம் பிறக்கும். இதைச் சீனா ஏற்பது எளிதல்ல. 2020-ல் பயிற்சிக்கு வந்த சீனப் படைதான் எல்லைப் பக்கம் திருப்பிவிடப்பட்டது என்ற நினைவு இருக்கும்வரை, வெறும் வாக்குறுதியை நம்பி நம் ஜெனரல்கள் கீழே இறங்கவும் மாட்டார்கள்.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது வரைபடம். 2000-ல் எல்ஏசியின் மத்தியப் பகுதிக்கு மட்டும் இரு தரப்பும் வரைபடங்களை மாற்றிக்கொண்டன. 2002-ல் லடாக் அடங்கிய மேற்குப் பகுதிக்கு வந்ததும் சீனா பின்வாங்கியது, வேலை அங்கேயே நின்றது. கோடு எங்கே என்று தெரியாமல் "கோட்டிலிருந்து 2 கி.மீ." என்ற விதிக்கு என்ன பொருள்? 1996 ஒப்பந்தத்தின் பத்தாவது பிரிவே, சில விதிகளை முழுமையாகச் செயல்படுத்துவது எல்ஏசி பற்றிப் பொதுப் புரிதல் ஏற்படுவதைப் பொறுத்தது என்று ஒப்புக்கொள்கிறது.

2025 ஆகஸ்ட் 19 அன்று டெல்லியில் நடந்த, எல்லைப் பேச்சுக்காக இரு நாடுகளும் நியமித்த சிறப்புப் பிரதிநிதிகளின் 24-வது சுற்றில் சில அடிகள் வைத்திருக்கிறார்கள். எல்லை வரையறையில் சீக்கிரம் முடிக்கக்கூடியதை ஆராய ஒரு நிபுணர் குழு. மேற்குப் பகுதியில் உள்ளதைப் போல கிழக்கு, மத்தியப் பகுதிகளுக்கும் ஜெனரல் அளவிலான பேச்சு அமைப்பு. படைக்குறைப்பு பற்றி அங்கே முடிவானது, அதற்கான கொள்கைகளையும் வழிமுறைகளையும் முதலில் பேசத் தொடங்குவது என்பது மட்டுமே. இரண்டாம் கட்டம் அந்த நிலையில் இருக்கிறது, மூன்றாம் கட்டம் அதற்கும் பின்னால்.