பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் பழைய காருக்கு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் கருவி) பெல்ட்டை வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்று ராட்செட் ரிங் ஸ்பேனர் (ஒரு திசையில் மட்டும் போல்ட்டைப் பிடித்து, மறுதிசையில் சும்மா சுற்றும் வளைய ஸ்பேனர்) செட் ஒன்று வாங்கினேன். கீழே உள்ள நீளமான போல்ட்டைக் கழற்றிக்கொண்டே வந்தபோது, ஸ்பேனர் பக்கவாட்டுச் சட்டத்தில் போய் முட்டி நின்றுவிட்டது. போல்ட்டும் வரவில்லை, ஸ்பேனரும் வரவில்லை; மறுபக்கம் திருப்பினால் ‘கிர்ர்’ என்று சும்மா சுற்றுகிறது. மெக்கானிக்கை அழைக்க வெட்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பாலக்கோடு)

பதில்: முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள தடித்த ஒயரில், இன்ஜின் அணைந்திருக்கும்போதும் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். ஸ்பேனர் அதில் உரசினால் பொறி பறக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்க்கும் எண்ணமும் வேண்டாம்.

உங்களிடம் இருப்பது திசை மாற்றும் பொத்தான் இல்லாத தட்டை வகை. அதைக் கழற்றிப் புரட்டிப் போட்டால்தான் எதிர்த்திசையில் பிடிக்கும். கழற்றவே இடமில்லாதபோது எப்படிப் புரட்டுவது? 8 மில்லிமீட்டர் போல்ட்டில் வழக்கமான மரை என்றால், ஒரு சுற்றுக்கு அது 1.25 மில்லிமீட்டர் வெளியே வரும். ஸ்பேனருக்கும் சட்டத்துக்கும் நடுவே 20 மில்லிமீட்டர் இருந்திருந்தால், பதினாறாவது சுற்றில் இடம் தீர்ந்துவிடும். சாதாரண ரிங் ஸ்பேனரை ஒவ்வொரு முறையும் எடுத்து மாட்ட வேண்டியிருப்பதால், இடுக்கு குறைந்து வருவது தானாகவே கண்ணில் படும். ராட்செட்டில் கையை எடுக்க வேண்டிய தேவையே இல்லாததால், முட்டிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது.

வெளியே வந்திருக்கும் தண்டைப் பிளேயரால் பிடித்து உள்ளே திருகிவிடலாமே என்று தோன்றும். ஸ்பேனரின் கைப்பிடியும் கூடவே முழுச் சுற்று சுற்றி வர இடமிருந்தால்தான் அது நடக்கும்; ஆல்டர்னேட்டர் இருக்கும் மூலையில் அதற்கு வழியில்லை. அதற்குப் பதிலாக இப்படிச் செய்து பாருங்கள். போல்ட் தலையின் அடியில் அகலமான விளிம்பு இல்லையென்றால், ஸ்பேனரை வெளியே இழுப்பதை விட்டுவிட்டு, ஆல்டர்னேட்டர் பக்கமாக உள்ளே தள்ளுங்கள். வளையம் தலையைத் தாண்டி வெறும் தண்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். தலைக்கடியில் வாஷர் இருந்தால் அதையும் முன்கூட்டியே உள்ளே தள்ளிவிடுங்கள். இப்போது தலை தனியாக வெளியே தெரியும். ஒல்லியான டபுள் எண்ட் ஸ்பேனரை (வளையமில்லாமல் இரு முனையும் வாய் திறந்தது) அதில் மாட்டி எட்டுச் சுற்று இறுக்கினால் 10 மில்லிமீட்டர் இடம் கிடைக்கும். வளையம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால், பிறகு அதை வெளிப்பக்கமாகவே உருவிவிடலாம். போல்ட் முரண்டு பிடித்தால், தொங்கும் ஆல்டர்னேட்டரை மறுகையால் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள். அதன் பாரம்தான் மரையை அழுத்திக்கொண்டிருக்கும்.

விளிம்பு வைத்த போல்ட்டாக இருந்தால் இந்த வழி பலிக்காது. அப்போது இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்ட்டைத் தளர்த்தி, கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கியால் இன்ஜினைச் சிறிது நகர்த்த வேண்டும். அல்லது தண்டை ஹாக்சா பிளேடால் அறுத்து, புதுப் போல்ட் போட வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதே தரத்திலேயே வாங்குங்கள். இந்த இரண்டு வேலையையும் நீங்கள் தனியாகச் செய்வதை நான் விரும்பவில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே அழையுங்கள்; நடந்ததை அப்படியே சொல்லுங்கள், அவருக்கு அரைமணி நேரமாவது மிச்சமாகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட் மாற்றுவதற்கு அந்தக் கீழ் போல்ட்டைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அதைச் சற்றுத் தளர்த்தி, மேலே அட்ஜஸ்ட் செய்யும் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை இன்ஜின் பக்கம் சாய்த்தால் பெல்ட் கையோடு வந்துவிடும்.

வெட்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தருமபுரியில் ஒரு பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம், ஆயில் மாற்றச் சொன்ன ஒரு காரின் அடியில் படுத்து, கண்ணில் பட்ட முதல் டிரெயின் பிளக்கை (எண்ணெய் வடிக்கும் துளையின் அடைப்பை) கழற்றினேன். தேன் நிறத்தில் தெளிவாக எண்ணெய் இறங்கியது. ‘உங்கள் ஆயில் இன்னும் கெடவே இல்லை, ஐயா’ என்று உரிமையாளரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, இன்ஜினுக்குள் புதிதாக மூன்று லிட்டரும் ஊற்றினேன். எங்கள் பட்டறைக்காரர் வந்து தட்டில் விரலைத் தொட்டு முகர்ந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல், இன்ஜின் எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை என்னை எடுக்கச் சொன்னார். மேல் குறியை வெகுவாகத் தாண்டிக் கறுப்பு எண்ணெய் ஒட்டியிருந்தது. நான் வடித்தது கியர்பாக்ஸ் எண்ணெய்! வண்டி வாசலைத் தாண்டியிருந்தால் கியர்பாக்ஸ் வறண்டு அரைந்திருக்கும். குறுக்குவாட்டில் இன்ஜின் வைத்த சிறு கார்களில் இரண்டு பிளக்குகளும் அருகருகே இருப்பதால், இன்றும் புதிய பையன்கள் இதில்தான் விழுகிறார்கள். ஓடிய இன்ஜினின் எண்ணெய் பெரும்பாலும் கறுத்திருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

கேள்வி: துருப்பிடித்த நட்டு ஒன்றுக்கு ராட்செட்டின் கைப்பிடியில் பைப்பைச் செருகித் திருகினேன். ‘டக்’ என்று சத்தம் கேட்டது. அன்றிலிருந்து இரண்டு பக்கமும் சுற்றுகிறது. பொருள் போலியா?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: போலி என்று சொல்ல மாட்டேன். 72 பல் ராட்செட் 5 டிகிரி அசைவிலேயே அடுத்த பல்லைப் பிடித்துவிடும். பன்னிரண்டு மூலை ரிங் ஸ்பேனருக்கு 30 டிகிரி வேண்டும். நெருக்கமான இடத்தில் ராட்செட் கைகொடுப்பதற்கு அதுவே காரணம். ஆனால் பற்கள் அத்தனை பொடியாக இருப்பதால், உங்கள் முழு பலத்தையும் அவற்றில் சில பற்கள்தான் தாங்குகின்றன. பைப் போட்டு நீளத்தை இரட்டித்தால் அந்தப் பலமும் இரட்டிப்பாகும். துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் சாதாரண ரிங் ஸ்பேனராலோ, ராட்செட் இல்லாத நீளக் கைப்பிடியில் ஆறு மூலை சாக்கெட்டை மாட்டியோ அசைத்துக் கொடுங்கள். அசைந்த பிறகுதான் ராட்செட்டுக்கு வேலை.

கேள்வி: தொப்பூர் கணவாய் வழியாக அடிக்கடி சேலம் போகிறேன். ஸ்டெப்னி மாற்றியபின் வீல் நட்டுகளை ராட்செட்டாலேயே இறுக்கினால் போதாதா?
(வாசகி, தருமபுரி)

பதில்: சக்கரம் தூக்கியிருக்கும்போது நட்டுகளைச் சுற்றி உட்கார வைக்க ராட்செட் போதும். ஆனால் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை அது சொல்லாது. வண்டியைத் தரையில் இறக்கியபின், எதிரெதிர் நட்டுகளாக, உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் குறித்து வைத்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்குங்கள்; வழியில் அது கையில் இல்லையென்றால் வண்டியோடு வந்த வீல் ஸ்பேனரைக் கையால் அழுத்தி இறுக்கினால் போதும், அதன்மேல் ஏறி மிதிக்க வேண்டாம். 50 கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை சரிபாருங்கள். கணவாயில் இறங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது. டார்க் ரெஞ்சால் எந்த நட்டையும் கழற்றக் கூடாது. வேலை முடிந்ததும் அதன் அளவை மிகக் குறைந்த குறி வரை இறக்கி, பெட்டியில் வையுங்கள்.