சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பத்தை வைத்துப் புதுமையாகப் பாடம் நடத்துவது எப்படி?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழாசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்லைடு போட்டாயிற்று, யூடியூப் போட்டாயிற்று, புதிர் விளையாட்டும் வைத்தாயிற்று, இதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை என்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் தொடக்கநிலை 2, 3 பிள்ளைகளுக்குப் பதினான்கு வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். என் பதில் உப்புச்சப்பில்லாமல் தோன்றலாம்: குரல்பதிவுச் செயலி. போனிலும் ஐபேடிலும் சும்மா கிடக்கிறதே, அதுதான்.

ஏன் என்று சொல்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு, 2010இல் அது 3.3. இந்தக் கணக்கு என் வகுப்பில் எப்படித் தெரியும் என்றால், பதினெட்டுப் பேரில் பாதி வீட்டில் முழுக்க ஆங்கிலம், மீதிப் பாதி தஞ்சாவூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்த குடும்பம், மடமடவென்று பேசும். கேள்வி கேட்டால் இந்தப் பாதி கையைத் தூக்கும், அந்தப் பாதி மேசையைப் பார்க்கும். பாடவேளை அரை மணி நேரம். ஒரு பிள்ளைக்கு வாய் திறக்கக் கிடைப்பது ஒன்றரை நிமிடம், அதுவும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்.

அதனால் இரண்டு பேருக்கு ஒரு ஐபேட் கொடுத்து வகுப்புக்கு வெளியே நடைபாதையில் உட்கார வைத்தேன். ‘நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தார்கள்’, இதை முப்பது விநாடி பேசிப் பதிவு செய்ய வேண்டும். பிடித்தால் வைத்துக்கொள், பிடிக்காவிட்டால் அழித்துவிடு, என்னிடம் கேட்க வேண்டாம். அவ்வளவுதான் விதி. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் பிள்ளை பதினொரு தடவை பதிவு செய்து பத்தை அழித்தாள். அழித்தது யார் சொல்லியும் இல்லை, தன் குரலைத் தானே கேட்டு ‘சாப்பிட்டேன்’ என்பது ‘சாப்டேன்’ மாதிரி இருக்கிறது, ‘கோளி’ என்று சொல்லிவிட்டேன் என்று அவளே முகம் சுளித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். பதினொரு தடவை சொல்லு என்று நான் சொல்லியிருந்தால் அம்மாவிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கும்.

அடுத்தது குரல்வழித் தட்டச்சு. கூகுள் விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்தெடுத்து மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாக வருமே, அது. ல, ள, ழ சொல்லித்தர இதைவிட நல்ல பொறி எனக்குக் கிடைக்கவில்லை. மழை, மலை. பள்ளி, பல்லி. வழி, வலி. ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன், ‘மழை’ என்று சொன்னவனுக்குத் திரையில் ‘மலை’ என்று வந்ததும் பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் திருத்தினால் காதில் வாங்காதவன் மெஷின் திருத்தினால் நாக்கை மடித்து மடித்துப் போராடுகிறான்.

ஆனால் உண்மையான பாடம் அதற்கு அப்புறம்தான் வந்தது, அதை நான் திட்டமிடவே இல்லை. ஒரு வாண்டு வேண்டுமென்றே ‘நான் பல்லிக்குப் போனேன்’ என்று சொன்னான். திரையில் ‘நான் பள்ளிக்குப் போனேன்’ என்று அழகாக வந்தது. “டீச்சர், இது ஏமாத்துது!” என்று கத்தினான். சரி, ஏன் ஏமாற்றுகிறது என்று எல்லாரையும் யோசிக்க விட்டேன். அந்த மென்பொருள் காதால் மட்டும் கேட்பதில்லை, முன்னும் பின்னும் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்து, இந்த இடத்தில் எது வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்குப் போட்டு எழுதுகிறது. யாரும் பல்லிக்குப் போவதில்லை, எல்லாரும் பள்ளிக்குத்தான் போகிறார்கள். இது புரிந்ததும் பிள்ளைகள் என் கட்டுப்பாட்டில் இல்லை, மெஷினை எப்படி ஏமாற்றுவது என்பதே விளையாட்டாகிவிட்டது. ‘சுவரில் ஒரு பள்ளி ஓடியது’ என்று ஒரு குழு சொல்லிப் பார்த்தது, ‘எனக்குத் தலையில் வழி’ என்று இன்னொரு குழு. எது பல்லி எது பள்ளி என்று தெரியாமல் அந்த வாக்கியத்தை உருவாக்க முடியாது, பாருங்கள். பயிற்சித்தாளில் ஒரு வாரம் இழுக்கும் வேலை, இருபது நிமிடம்.

ஒன்று மட்டும் எச்சரிக்கை. இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் பெரியவர்கள் பேசியதைக் கேட்டுப் பழகியவை, ஏழு வயதுப் பிள்ளை சரியாகச் சொன்னாலும் தப்பாக எழுதும். மதிப்பெண் போட இதைத் தொடாதீர்கள்.

கொஞ்சம் நேரமும் பொறுமையும் இருந்தால் அசைவூட்டப் படம் செய்யலாம். களிமண் பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, படம் எடு, மறுபடி நகர்த்து. இலவசச் செயலிகள் இருக்கின்றன. விநாடிக்கு மூன்று படம் போதும், சினிமா மாதிரி வழவழவென்று இருக்க வேண்டியதில்லை, இருபது விநாடிக் கதைக்கு அறுபது படம். நாலு பேர் குழுவுக்கு இரண்டு பாடவேளை ஆகும். காக்கா வடை கதைதான் கொடுத்தேன். வடை செய்யச் சொன்னால் மூன்று குழு டோனட் செய்து வைத்திருந்தது, மேலே இளஞ்சிவப்புத் தூவலோடு. ஓட்டை இருக்கிறதே டீச்சர் என்றார்கள். மறுநாள் காலையில் தேக்கா சந்தையில் வடை வாங்கி வந்து மேசையில் வைத்தேன், வகுப்பே எண்ணெய் வாசனை. (பிள்ளைகள் உணவுக் கட்டுப்பாடு என்ன என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், நான் விசாரித்தேன்.)

படத்துக்குக் குரல் கொடுக்கும்போதுதான் வேடிக்கை. கதை சொல்பவர் ‘காகம் பறந்தது’ என்பார், காக்காவும் நரியும் மட்டும் ‘பறந்துச்சு’, ‘எங்க போற’ என்று பேசும். எழுத்துத் தமிழ் எங்கே, பேச்சுத் தமிழ் எங்கே என்று பிள்ளைகளே பிரித்துக்கொண்டார்கள். 2005இல் இங்கே நடந்த தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழை வகுப்புக்குள் கொண்டுவரச் சொன்னது, அதை எப்படிக் கொண்டுவருவது என்று நாங்கள் பயிலரங்கு பயிலரங்காக மண்டையை உடைத்துக்கொண்டோம். ஒரு களிமண் நரி செய்துவிட்டது.

நான் கைவிட்டவை: வேகத்துக்குப் புள்ளி தரும் புதிர் விளையாட்டு. சத்தம் நன்றாக இருக்கும், ஆனால் மெதுவாகப் படிக்கிற பிள்ளை மூன்றாவது கேள்வியிலேயே கேள்வியைப் படிப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடி ஏதோ ஒரு நிற விடைப்பொத்தானை அழுத்துகிறது. நான் கவனித்துப் பார்த்தேன், நீங்களும் பின்வரிசையில் நின்று பாருங்கள். அப்புறம் முப்பரிமாணக் கண்ணாடி ஒன்று, ஒரு தடவை கடன் வாங்கி வந்து இருபத்தைந்து நிமிடம் வைஃபையோடு மல்லுக்கட்டி மணி அடித்துவிட்டது. கல்வி அமைச்சின் மாணவர் கற்றல் இணையத்தளத்தை விடவில்லை, பதிவுகளை அங்கேதான் ஏற்றச் சொல்கிறேன், வீட்டில் திறந்து கேட்கலாம்.

சக ஆசிரியர்கள் சிலர் ‘தமிழுக்கு எதுக்கு இதெல்லாம்’ என்பார்கள், உங்களுக்கும் கேட்கக் கிடைக்கும். 1995இலேயே தமிழ் எழுத்தை இணையத்தில் ஏற்றிய நா. கோவிந்தசாமி இங்கே தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தியவர், முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் நடந்ததும் சிங்கப்பூரில்தான் என்று சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பார்கள்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். நான் முகத்தைப் படம் எடுப்பதில்லை, பொம்மையும் கையும் குரலும் மட்டும். அந்தப் பதினொரு தடவைப் பெண்ணின் பதிவை அவள் அம்மா ஈப்போவில் இருக்கும் பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், பாட்டி பதிலுக்கு மூன்று நிமிடம் பேசி அனுப்பினார், மீன் குழம்பு எப்படி வைப்பது என்று. அடுத்த வாரம் எங்கள் கேட்டல் பாடத்துக்கு அதைத்தான் ஓட்டினேன், பாட்டியிடம் கேட்டுவிட்டு.

செலவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அசைவூட்டப் படத்துக்கு முக்காலி வாங்கக் கிளம்பாதீர்கள், இரண்டு காலி மைலோ டின், குறுக்கே ஒரு நீள ரூலர், அதில் முகப்புத்திரை மேலே பார்த்தபடி டேப் போட்டு ஒட்டிய போன், கீழே களிமண் பொம்மை. டின்னுக்குள் கொஞ்சம் அரிசி போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் யாராவது முழங்கையால் தட்டி ஐம்பத்தெட்டாவது படத்தில் எல்லாம் ஆடிப்போகும்.