கன்னத்தில் வலி: அட்டையில் எந்த இலக்கம்?

கேள்வி: பதினைந்து நாளாகத் தடிமன், வலது கன்னத்தில் வலி. டொக்டர் எக்ஸ்ரே எடுக்கவில்லை. அட்டையில் ‘ஜே 01.9’ என்று போட்டிருக்கிறது. சரியா?
– வாசகி, ஹட்டன்

பதில்: எக்ஸ்ரே தேவையில்லை, நாள் கணக்குதான் முக்கியம். தடிமன் பத்து நாளாகியும் குறையாவிட்டால், குறைந்து மீண்டும் ஏறினால், அல்லது 39 பாகைக் காய்ச்சலோடு சீழ்ச்சளி 3, 4 நாள் தொடர்ந்தால் சைனஸில் (மூக்கைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளில்) பக்டீரியாத் தொற்றைச் சந்தேகிக்கலாம். சளி மஞ்சளாக இருப்பது மட்டும் போதாது. அதை வைத்தே அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள். கொழுந்துக் கூடையை இறக்கக் குனியும்போது கன்னம் கனத்து மேல்பல்லும் வலிக்கிறதா? அதையும் டொக்டரிடம் சொல்லுங்கள், கன்னத்துச் சைனஸைச் சுட்டும் அடையாளம் அது.

‘ஜே 01’ என்பது நோய்களுக்கான சர்வதேச இலக்கப் பட்டியலில் புதிதாக வந்த பீனிசத்துக்கு (சைனஸ் அழற்சிக்கு) உரியது. அதில் 01.9 என்பது எந்தச் சைனஸ் என்று எழுதாதபோது போடும் இலக்கம். டொக்டர் ‘மெக்சிலரி’ (கன்னத்துச் சைனஸ்) என்று குறித்திருந்தால் 01.0, நெற்றிக்கு 01.1; எல்லாச் சைனஸும் என்றால் 01.4. இலக்கம் போடுபவர் நோயாளியின் வலியைக் கேட்டுத் தானாக ஊகிக்கக் கூடாது, டொக்டரைக் கேட்டே மாற்றவேண்டும். 12 வாரம் தாண்டிய பீனிசம் ஜே 32க்குள் போகும்.

ஒரு பக்கம் மட்டும் நாற்றச்சளி வந்தால் மேல் கடைவாய்ப்பல்லையும் காட்டுங்கள். கண் இமை வீங்கினாலோ பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ அன்றைக்கே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம்.