வழிகாட்டி இல்லாத நடைப்பயணம்: டிங்கிளுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: நானும் என் கணவரும் லண்டனில் இருக்கிறோம், இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். வருகிற ஜூனில் அயர்லாந்தின் டிங்கிள் தீபகற்பத்தை எட்டு நாளில் நடந்தே சுற்ற ஆசை. வார இறுதிகளில் பத்து கிலோமீட்டர் நடக்கும் பழக்கம் உண்டு. ஒரு நிறுவனம் ‘செல்ஃப் கைடட்’ பேக்கேஜ் என்று ஒரு விலை சொல்கிறது. கைடு கிடையாது, நாங்களேதான் நடக்க வேண்டும். அறைகளை நாங்களே புக் செய்தால் செலவு கணிசமாகக் குறைகிறது. கூட யாருமே வராத பயணத்துக்கு எதற்கு இவ்வளவு பணம்?
– லண்டன் வாசகி

பதில்: அந்த விலைக்குள் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. இரவு தங்க அறை, தினமும் உங்கள் பெட்டியை அடுத்த ஊரில் கொண்டுபோய் வைக்கும் வண்டி, வழிக்குறிப்பும் வரைபடமும், அப்புறம் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு ஃபோன் நம்பர். முதல் மூன்றையும் கொஞ்சம் பொறுமை இருந்தால் நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம். நான்காவதை மட்டும் உங்களால் செய்துகொள்ள முடியாது. அதனால் பணம் கட்டும் முன் அந்த நம்பரைப் பற்றித்தான் குடைந்து குடைந்து கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? அவர் டிங்கிள் இருக்கும் கெர்ரி மாவட்டத்தில் இருப்பவரா, வேறு நாட்டில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரா? அந்தப் பாதையில் அவர் நடந்திருக்கிறாரா?

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிராண்டன் மலை. டிங்கிள் பாதை ட்ராலி ஊரில் தொடங்கி, தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு ட்ராலிக்கே திரும்புகிறது. மொத்தம் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். கறுப்புக் கம்பங்களில் நடக்கும் மனிதனின் மஞ்சள் உருவம் வழி காட்டும். வானம் தெளிவாக இருந்தால் பெரும்பாலான நாட்களில் வழி தவற வாய்ப்புக் குறைவு. ஆனால் மேற்குக் கரையிலிருந்து க்ளோஹேன் ஊருக்குப் போகும் நாள் வேறு மாதிரி. 952 மீட்டர் உயர பிராண்டனின் உச்சிக்குப் பாதை போவதில்லை என்றாலும், அதற்கு வடக்கே உள்ள மலைமுகட்டை 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் கடக்கிறது. கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும். முகட்டில் ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்து பொறித்த கல் ஒன்று நிற்கிறது. அதற்கு அந்தப்பக்கம் செங்குத்தான இறக்கம், சதுப்பு நிலம். அட்லாண்டிக்கிலிருந்து மேகம் வந்து கவிந்தால் அடுத்த கம்பமே தெரியாது.

ஆகவே நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: “அன்று மேகம் இறங்கினால் என்ன ஏற்பாடு?” நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும். காலையிலேயே வானிலையைப் பார்த்துச் சொல்வோம், வேண்டாம் என்றால் டிங்கிள் நகரம் வழியாக கானர் கணவாயைத் தாண்டி டாக்ஸியில் க்ளோஹேன் கொண்டுபோய் விடுவோம், அதற்கான கட்டணம் இவ்வளவு என்று. “அது உங்கள் முடிவு” என்று மட்டும் பதில் வந்தால், அந்தப் பேக்கேஜில் அறையும் பெட்டி வண்டியும் தவிர வேறொன்றும் இல்லை. அதை நீங்களே செய்துகொள்ளலாம், பணமாவது மிஞ்சும்.

அடுத்தது தூரம். எட்டு நாளில் 180 என்றால் தினம் சராசரியாக 22 கிலோமீட்டருக்கு மேல். க்ளோஹேனிலிருந்து காசில்கிரெகரி வரையிலான நாள் முப்பதை நெருங்கும், அதில் பெரும்பகுதி மணல். அயர்லாந்தின் மிக நீண்ட கடற்கரை அது. ஏற்றம் இல்லை என்று விளம்பரத்தில் ‘எளிது’ என்று போட்டிருப்பார்கள். மணலில் மணிக்கணக்காக நடந்தவர்களின் கெண்டைக்காலைக் கேட்டால்தான் உண்மை தெரியும். பத்து கிலோமீட்டர் பழக்கத்தோடு முழுச் சுற்றும் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ட்ராலி முதல் கேம்ப் வரையிலான முதல் நாளைப் பஸ்ஸில் கழித்துவிடுங்கள். கேம்பில் தொடங்கி, அனஸ்கால், டிங்கிள், டன்குவின், பிராண்டனின் மேற்கு அடிவாரம் வரை நடந்தால் பாதையின் சிறந்த பகுதி கிடைத்துவிடும். டிங்கிளில் இரண்டு இரவு தங்குங்கள். அந்த ஓய்வு நாளைச் சேர்க்க மறுக்கும் நிறுவனம் உங்களுக்குச் சரிப்படாது.

டிங்கிளுக்கு மேற்கே நடக்கும் நாளுக்காக மட்டுமே இந்தப் பயணம் போகலாம். வென்ட்ரி கடற்கரையைக் கடந்து, ஈகிள் மலையின் சரிவில், சுண்ணாம்புக் கலவை இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய பழைய குடில்களுக்கு இடையே பாதை போகிறது. ஸ்லே ஹெட் முனையில் திரும்பியதும் பிளாஸ்கெட் தீவுகள் எதிரே விரியும். பெரிய தீவில் கடைசியாக வாழ்ந்தவர்களை 1953இல் வெளியேற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். தீவுக்குப் படகு உண்டு, ஆனால் கடல் அனுமதித்தால்தான். பேக்கேஜில் படகுப் பயணம் சேர்ந்திருந்தால், ரத்தானால் பணம் திரும்புமா என்று கேட்டுவையுங்கள். அனஸ்காலில் ‘சவுத் போல் இன்’ என்ற மதுக்கூடத்தைப் பார்ப்பீர்கள். துருவப் பயணிகளான ஸ்காட், ஷாக்கிள்டன் இருவரோடும் அண்டார்டிகா போய்வந்த டாம் க்ரீன், ஊர் திரும்பி நடத்திய கடை அது.

தங்கும் வீடுகளின் பெயர்களைப் பணம் கட்டும் முன்பே வாங்கிவிடுங்கள். ‘டன்குவினில் தங்கல்’ என்று எழுதியிருக்கும், வீடு பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும். வந்து கூட்டிப்போவார்களா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். நீங்களே புக் செய்வதானால் சின்ன ஊர்களில் தொடங்குங்கள். அங்கே அறைகள் கொஞ்சம்தான், கோடையில் சீக்கிரமே நிரம்பிவிடும். டிங்கிள் நகரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பெட்டிக்கு எடை வரம்பு உண்டு, ஆளுக்கு ஒன்றுதான் என்பதும் வழக்கம். ஃபோனில் ஆப் இருந்தாலும் அரசு நில அளவைத் துறையின் டிஸ்கவரி வரைபடம், 1:50,000 அளவில் 70, 71 எண்கள், கையில் இருக்கட்டும்.

பணத்தை பேங்க் டிரான்ஸ்ஃபரில் அனுப்பாதீர்கள். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி விற்பவரோடு கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

கேள்வி: எனக்கு பிரிட்டனில் காலவரையற்ற தங்கும் உரிமை இருக்கிறது. பாஸ்போர்ட் இந்தியாவுடையது. அயர்லாந்துக்குத் தனி விசா வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டெபாசிட் கட்டிவிடலாமா?
– லெஸ்டர் வாசகர்

பதில்: கட்டாதீர்கள், முதலில் விசா. இரு நாடுகளுக்கும் இடையே தடையின்றிப் போய்வரும் உரிமை பிரிட்டிஷ், அயர்லாந்துக் குடிமக்களுக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் பிரிட்டனில் வசிப்பவருக்கு அயர்லாந்து விசா தேவை. பெல்ஃபாஸ்டில் இறங்கித் தரைவழியாகப் போனால் எல்லையில் யாரும் நிறுத்திப் பாஸ்போர்ட் பார்ப்பதில்லை என்பது உண்மைதான், ஆனாலும் விசா இல்லாமல் போவது சட்டமீறல். நாளைய விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் அது பாதிக்கும். இந்தியாவிலிருந்து சுற்றுலாவுக்கு வரும் உங்கள் உறவினர்களுக்கு விதி வேறு. குறிப்பிட்ட சில பிரிட்டிஷ் விசிட்டர் விசாக்களிலேயே அவர்கள் அயர்லாந்தையும் பார்க்க முடியும். அதைக் கேட்டுத்தான் பலர் குழம்புகிறார்கள். விசா மறுக்கப்பட்டால் டெபாசிட்டைத் திருப்பித்தரும் கடமை பொதுவாக நிறுவனத்துக்கு இல்லை.

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கிறேன். தனியாக நடக்க ஒரு பேக்கேஜை ஆன்லைனில் வாங்கினேன். ஒரே ஆள் என்று கூடுதல் கட்டணமும் போட்டார்கள். மூன்றாம் நாளே மனம் மாறி ரத்து செய்தேன். ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற உரிமை இருந்தும் டெபாசிட் தர மறுக்கிறார்கள்.
– டப்ளின் வாசகி

பதில்: இதில் நிறுவனத்தின் பக்கம்தான் சட்டம் இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்துக்கும் ஆன்லைனில் வாங்கும் பயணப் பேக்கேஜுக்கும் அந்த 14 நாள் உரிமை பொருந்தாது. உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அந்த வாதத்தில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். பேக்கேஜ் என்றால் ஐரோப்பிய விதிகளின்படி வேறு உரிமைகள் இருக்கின்றன. கிளம்புவதற்கு ஏழு நாள் முன்புவரை அறிவித்து உங்கள் இடத்தை வேறொருவருக்கு மாற்றித் தரலாம், அதற்கு ஆகும் நியாயமான செலவை மட்டும் ஏற்க வேண்டும். வாங்கிய பிறகு விலையை 8 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் கட்டணமின்றி விலகலாம். தங்கும் வீடு உங்களைக் கைவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியது பேக்கேஜை விற்றவர்தான். போகும் இடத்தில் தவிர்க்க முடியாத அசாதாரண நிலைமை வந்தால் முழுப் பணமும் திரும்பும். மழை அந்தக் கணக்கில் வராது.

தனி ஆள் கட்டணத்தைக் குறைக்க ஒரு வழி, சிங்கிள் அறைகள் உள்ள வீடுகளைக் கேட்டு வாங்குவது. தனியாக வருபவருக்கு விற்பதே இல்லை என்று சொல்லும் நிறுவனங்களும் உண்டு. பிராண்டன் நாளை நினைத்தால் அதில் தவறு காண மாட்டேன். தனியாகப் போனால் தினமும் எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்பதை அன்றிரவு தங்கும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவசரத்துக்கு 112 அல்லது 999.

கேள்வி: எங்கள் நாயையும் கூட்டிப்போகலாமா?

பதில்: வேண்டாம். அயர்லாந்தில் பிறர் நிலத்தில் நடக்கப் பொது உரிமை கிடையாது. இந்தப் பாதையின் பல பகுதிகள் விவசாயிகள் மனமுவந்து விட்டுக்கொடுத்த வழி. ஆடு மேயும் நிலத்தில் நாயைக் கொண்டுபோனால் அடுத்து வருபவர்களுக்கும் வழி மூடிப்போகலாம்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? மழைக்கு போஞ்சோ (தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் மழைப்போர்வை) போதுமா?

பதில்: போஞ்சோ அட்லாண்டிக் காற்றில் முகத்தில்தான் அடிக்கும். தையல்களை உள்ளே டேப் ஒட்டி அடைத்த ஜாக்கெட் வாங்குங்கள். அதைவிட முக்கியம் மழைக்கால்சட்டை, பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் புகாத, கணுக்கால் மூடும் பூட்ஸ் வாங்கி, கிளம்பும் முன் சில வாரங்களாவது போட்டு நடந்து பழகுங்கள்.

சாப்பாட்டை அறை புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் சோடா ரொட்டியும் எளிதாகக் கிடைக்கும். காய்கறி சூப் என்றாலும் கோழிச்சாற்றில் செய்ததா என்று கேட்க வேண்டும். டிங்கிளில் உணவகங்கள் நிறைய. மேற்கே போகப்போகக் குறையும். பிராண்டனைக் கடக்கும் நாளில் வழியில் கடையே கிடையாது, அன்றைய மதிய உணவை முந்தின இரவே தங்கும் வீட்டில் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.