வாடகைக்கு வருபவரிடம் அடையாள அட்டை கேட்பது பாகுபாடா?

ராமேஸ்வரத்தில் வீடு வாடகைக்கு விடுகிறீர்கள், வெளியாட்களிடம் அட்டை கேட்டால் பாகுபாடு என்கிறார்கள், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்பது தப்பில்லை. யாரிடம் மட்டும் கேட்கிறீர்கள் என்பதுதான் விஷயம். காற்று எச்சரிக்கை வந்தால் மீன்வளத்துறை எந்த விசைப்படகுக்கும் கடலுக்குப் போக டோக்கன் தராது, யார் படகு என்று பார்ப்பதில்லை. அது முன்னெச்சரிக்கை. வங்கி ஊழியரிடம் பெயரை மட்டும் கேட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாப் பையனிடம் அட்டை நகல், போலீஸ் சான்று, இரட்டிப்பு முன்பணம் என்று அடுக்கினால் அது வேறு. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள் பாடு இன்னும் மோசம். பேச்சில் இலங்கைச் சாயல் தெரிந்ததுமே "வீடு முடிஞ்சு போச்சு" என்பார்கள். டூலெட் பலகை வாசலிலேயே தொங்கும்.

அதற்காக எல்லாப் பூட்டும் வெறுப்பு ஆகிவிடாது. அக்னி தீர்த்தத்தில் குளிக்கும்போது பைகளுக்குக் காவலாகக் கரையில் ஓர் ஆளை உட்கார வைக்கிறோம். கூட்டத்தில் பை தொலையும், அவ்வளவுதான்.

அப்புறம், தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி நகராட்சிப் பகுதியில் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தனி உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. வங்கி ஊழியரிடமும் அட்டை நகல் வாங்குங்கள்.