கிளம்பினதுமே ஏன் நிற்கிறது?

கேள்வி: மரபணுவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ், அதன் தொடக்கத்தில் உட்கார்ந்தால் கடைசி வரை படியெடுத்துக்கொண்டே போகும் என்று பிளஸ் டூவில் படித்தேன். இப்போது காலேஜில், கிளம்பினதுமே நின்றுவிடும் என்கிறார்கள். எது சரி? யார் நிறுத்துகிறார்கள்? நிற்பதால் என்ன லாபம்?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: காலேஜில் சொன்னதுதான் முழுக்கதை, பள்ளிப் புத்தகம் சுருக்கிவிட்டது. நம் செல்களில் ஏராளமான மரபணுக்களில் பாலிமரேஸ் 2 என்ற நொதி 20 முதல் 60 எழுத்து வரை படியெடுத்துவிட்டு, கையில் அந்தக் குட்டி ஆர்என்ஏவோடு அப்படியே நிற்கிறது. ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் இன்ஜினை அணைக்காமல் வாசலிலேயே நிற்கும் டவுன் பஸ் மாதிரி.

பிடித்து வைப்பவை டிஎஸ்ஐஎஃப், நெல்ஃப் என்ற இரண்டு புரதங்கள். (இந்தத் துறையில் பெயர் வைப்பவர்களுக்கு யாராவது நல்ல புத்தி சொன்னால் தேவலை.) டிஎஸ்ஐஎஃப் முதலில் ஏறிக்கொள்ளும், அதன் துணையோடு நெல்ஃப் வந்து இறுக்கும். நெல்ஃப் பாலிமரேஸை அசையவிடாமல் பிடிப்பதோடு, நின்றதை மறுபடி கிளப்பிவிடும் இன்னொரு புரதம் வந்து உட்காரும் இடத்தையும் மறைத்துக்கொள்கிறது.

சரி, விடுவிப்பது யார்? பி-டெஃப்-பி என்ற நொதி. அது நெல்ஃப், டிஎஸ்ஐஎஃப், பாலிமரேஸின் வால் மூன்றிலும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. உடனே நெல்ஃப் கழன்றுவிடும். ஆனால் டிஎஸ்ஐஎஃப் இறங்குவதில்லை, கட்சி மாறிவிடுகிறது: அதுவரை தடுத்த அதே புரதம் இனி கூடவே போய் ஓட்டத்துக்கு உதவுகிறது! எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். இந்த பி-டெஃப்-பியும் இஷ்டத்துக்குத் திரிய முடியாது, அதில் பெரும்பகுதியை 7எஸ்கே என்ற ஆர்என்ஏவும் ஹெக்சிம் புரதமும் சேர்ந்து முடக்கி வைத்திருக்கின்றன.

லாபம் என்ன என்பதற்குப் பழ ஈயைப் பார்க்கலாம். வெப்பம் தாக்கினால், மற்ற புரதங்கள் கெடாமல் காக்கும் ஹெச்எஸ்பி70 என்ற புரதம் அதற்கு அவசரமாகத் தேவை. 1980களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜான் லிஸ்ஸும் டேவிட் கில்மரும், புற ஊதா ஒளியைப் பாய்ச்சி புரதங்களை டிஎன்ஏவோடு அங்கங்கேயே ஒட்டவைத்துப் பார்த்தார்கள். சூடுபடுத்தாத செல்லில் ஹெச்எஸ்பி70 மரபணு சும்மா கிடக்கும் என்றுதான் யாரும் நினைப்போம், ஆனால் அதன் தொடக்கத்தில் பாலிமரேஸ் ஏற்கெனவே இருந்தது. சூடு பட்டால் புதிதாக ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஓரிரு நிமிடத்தில் ஓட்டம் தொடங்கிவிடும்.

இதே பூட்டில் எச்ஐவியும் மாட்டிக்கொள்கிறது. நம் டிஎன்ஏவுக்குள் புகுந்த வைரஸ் மரபணுவிலும் பாலிமரேஸ் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். அதனால் வைரஸ் டாட் என்ற சொந்தப் புரதத்தை வைத்து, புதிதாக உருவாகும் தன் ஆர்என்ஏவின் முனைக்கே பி-டெஃப்-பியை இழுத்து வந்துவிடுகிறது. டாட் போதாத செல்களில் வைரஸ் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கும். பல வருடம் மாத்திரை சாப்பிட்டவர் நிறுத்தினால் எச்ஐவி திரும்பி வருவது இப்படி ஒளிந்து கிடக்கும் செல்களிலிருந்துதான்.