இலைமறை காய்: ஜூனிபர் பற்றிச் சில கேள்விகள்

சென்ற இதழில் ஊசியிலை மரங்களைப் பற்றிச் சொல்லும்போது ஜூனிபர் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை முழுக்க ஜூனிபர்தான்.

கேள்வி: ஐயா, என் பேத்திக்கு ஜூனிபர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இளமை தருபவள் என்று பொருளாம். இது உண்மையா? ஜெனிஃபர் என்பதும் இதே பெயர்தானா?

பதில்: பெயர் அழகாக இருக்கிறது அம்மா, முதலில் வாழ்த்துகள். பொருள் சொன்னவர்கள்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இது லத்தீன் சொல். ரோமானியர்கள் இந்தச் செடியை யூனிபெருஸ் என்றார்கள். லத்தீனில் 'யுவெனிஸ்' என்றால் இளைஞர், 'பரேரே' என்றால் ஈனுவது. இரண்டையும் ஒட்டவைத்து, இளமையை ஈனுவது என்று யாரோ பொருள் கண்டுபிடித்துவிட்டார்கள். பெயர் வைக்கும் புத்தகங்கள் எல்லாம் அதையே திருப்பித் திருப்பி அச்சிடுகின்றன. மொழியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. நாணல் வகையைக் குறிக்கும் 'யுங்குஸ்' என்ற சொல்லோடு உறவு இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதுவும் முடிந்துபோன வழக்கு அல்ல.

எனக்குப் பிடித்த விளக்கம் இன்னொன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் பிஷப்பாக இருந்த இசிடோர், கிரேக்கத்தில் நெருப்பைக் குறிக்கும் 'பூர்' என்ற சொல்லோடு இந்தப் பெயரை முடிச்சுப் போட்டார். ஜூனிபர் கங்குகளை அதன் சாம்பலாலேயே மூடிவைத்தால் ஒரு வருடம் வரை அணையாது என்று காரணமும் சொன்னார். மொழியியலாக இதுவும் தேறாது. ஆனாலும், நீறு பூத்த நெருப்பு என்று ஒரு பெண்ணுக்குப் பொருள் சொல்வது எனக்கென்னவோ இளமையைவிடக் கம்பீரமாகப் படுகிறது.

ஜெனிஃபர் வேறு வம்சம். பிரிட்டனின் பழங்கதைகளில் வரும் ஆர்தர் அரசனின் மனைவி பெயர் வேல்ஸ் மொழியில் க்வென்ஹ்விவர். அது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வால் பக்கம் போய் ஜெனிஃபர் ஆனது. அதற்கும் செடிக்கும் சம்பந்தம் இல்லை. இத்தாலியில் மட்டும் இரண்டும் உரசிக்கொள்கின்றன. க்வென்ஹ்விவரின் இத்தாலிய வடிவம் ஜினேவ்ரா, ஜூனிபருக்கு இத்தாலியப் பெயர் ஜினேப்ரோ. லியோனார்டோ டா வின்சி 1470களில் ஜினேவ்ரா தே பென்சி என்ற இளம்பெண்ணை வரைந்தபோது, அவள் தலைக்குப் பின்னால் இருண்ட முள்புதராக ஜூனிபரையே நிறுத்திவிட்டார். படத்தின் பின்பக்கத்திலும் ஒரு ஜூனிபர் கொத்து இருக்கிறது. ஒலி ஒற்றுமையை வைத்து ஓவியத்திலேயே ஒரு சிலேடை! ஜூனிபர் அன்று கற்பின் அடையாளமும்கூட. ஓவியம் இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

பேத்தி வளர்ந்து கேட்டால் பின்லாந்துக்காரர்கள் கதையைச் சொல்லுங்கள். அவர்கள் தங்களையே 'ஜூனிபர் மக்கள்' என்று சொல்லிக்கொள்வார்கள். பனி ஏறினால் வளையும், ஒடியாது என்று பொருள்.

கேள்வி: வேதாகமத்தில் எலியா ஜூனிபர் மரத்தின் கீழ் படுத்திருந்ததாக ஆங்கிலத்தில் படித்தேன். தமிழில் சூரைச்செடி என்று இருக்கிறது. எது சரி?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. இரண்டும் சரியில்லை.

எபிரேய மூலத்தில் உள்ள சொல் ரோதெம். சினாய், நெகேவ் பாலைகளில் வளரும் ஒரு புதர் அது. அவரைக் குடும்பம், வெள்ளைப் பூ, இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இருக்காது, பச்சைக் குச்சிகளாகவே நிற்கும். அதன் தாவரவியல் பெயரான ரெட்டாமா கூட, ரோதெமின் அரபு உறவான 'ரத்தம்' என்பதிலிருந்து வந்ததுதான். ஜூனிபரோ சைப்ரஸ் குடும்பம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பின்னே எப்படி ஜூனிபர் நுழைந்தது? நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்ற கிறிஸ்தவ அறிஞர் வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்தபோது யூனிபெருஸ் என்று போட்டார். 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் அதே வழியில் போனது. தமிழில் செய்தவர்கள் சூரையைப் பிடித்தார்கள். சூரை இலந்தைக்குத் தங்கை, முள் கொக்கி மாதிரி மாட்டும். அதன் கீழ் படுத்துத் தூங்கியிருந்தால் எலியாவை எழுப்ப தேவதூதனே வந்திருக்க வேண்டாம்.

சங்கீதம் 120இலும் இதே ரோதெம் வருகிறது, சூரைச்செடியை எரிக்கும் தழல் என்று. ரோதெம் வேரின் கரி நெடுநேரம் கனன்றுகொண்டிருக்கும். மேலே இசிடோர் சொன்ன கங்கு நினைவுக்கு வருகிறதா? அவர் படித்த லத்தீன் வேதத்தில் அந்தத் தழல் ஜூனிபர் தழலாக இருந்திருந்தால், கதை எங்கிருந்து கிளம்பியது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சந்தேகம்தான், நிரூபணம் இல்லை.

வேடிக்கை இதோடு முடியவில்லை. எரேமியா 17ஆம் அதிகாரத்தில், மனிதனை நம்பி வாழ்கிறவன் அந்தரவெளியில் 'கறளையாய்ப்போன செடி'யைப் போல இருப்பான் என்று வருகிறது. அங்கே எபிரேயச் சொல் அர்ஆர். அரபு மொழியில் இன்றைக்கும் ஜூனிபருக்கு அர்அர் என்றுதான் பெயர். உண்மையான ஜூனிபர் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அந்த வசனத்தில்தான். பாவம், அங்கே அதற்குப் பெயர்கூட இல்லை, வெறும் கறளைச் செடி.

கேள்வி: பென்சில் சீவும்போது வரும் வாசனை சீடார் மரத்தினுடையது என்கிறார்கள். நீங்கள் அதை ஜூனிபர் என்று எழுதியிருந்தீர்களே?

பதில்: வகுப்பில் நான் வழக்கமாகச் செய்யும் வேலை இது. ஒரு பென்சிலைச் சீவி, சீவலை முன்வரிசைக்குக் கொடுத்து முகரச் சொல்வேன். "என்ன மரம்?" சீடார் என்று ஒரே குரலில் வரும். அப்புறம் அரை மணி நேரம் அதை மறுப்பதில் போகும்.

அமெரிக்காவில் 'சிவப்பு சீடார்' என்று சொல்லப்படும் மரம் சீடாரே அல்ல. அது வர்ஜீனியா ஜூனிபர். அசல் சீடார்கள் என்றால் லெபனான் சீடாரும் இமயத்தின் தேவதாருவும், அவை பைன் குடும்பம், காய் கட்டை மாதிரி இருக்கும். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்கள் வாசனையை மட்டும் வைத்து ஊர்ப்பெயரைச் சூட்டிவிட்டார்கள். பென்சிலுக்கு இதைவிட நல்ல மரம் கிடையாது: மென்மை, நேர் இழை, சீவினால் சிராய் எழும்பாது. அதனாலேயே அதற்கு ஆபத்து வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரம் அரிதாகிவிட, பழைய வேலிக் கட்டைகளையெல்லாம் விலைக்கு வாங்கிப் பென்சில் செய்தார்கள். பிறகு கலிபோர்னியாவின் வேறொரு மரத்துக்கு மாறினார்கள். அதற்கும் பெயர் என்ன தெரியுமா? இன்சென்ஸ் சீடார்! அதுவும் சீடார் இல்லை.

ஆப்பிரிக்காவில் 'பென்சில் சீடார்' என்று இன்னொரு ஜூனிபர் உண்டு. நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே இயற்கையாகப் போன ஒரே ஜூனிபர் அதுதான். மற்ற ஐம்பது அறுபது இனங்களும் வடக்கோடு நின்றுவிட்டன.

கேள்வி: ஜூனிபர் பழம் சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று படித்தேன். பொடி வாங்கித் தினமும் சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

பழம் என்று எல்லோரும் சொல்வது பழமே இல்லை. பைன் மரத்துக் கூம்பு இருக்கிறதே, அதன் செதில்கள் கட்டையாகாமல் சதைப்பற்றோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எப்படியோ, அதுதான் ஜூனிபர் 'பழம்'. நுனியைப் பாருங்கள், மூன்று செதில் சேர்ந்த தழும்பு நட்சத்திரம் போலத் தெரியும். ஒருமுறை உலர்ந்த காய் ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். முதலில் லேசான இனிப்பு, அடுத்த நொடி டர்பன்டைன். அந்த எண்ணெய்தான் மருந்து, அதுவேதான் தொந்தரவும். பைன் பிசினில் இருக்கிற பைனீன்தான் இதிலும் முக்கியமான பொருள்.

சிறுநீரைப் பெருக்கும் குணம் அதற்கு உண்டு, ஆயுர்வேதமும் ஹபுஷா என்ற பெயரில் பயன்படுத்துகிறது, ஐரோப்பிய மருந்து நெறிமுறைகளும் செரிமானக் கோளாறுக்கும் சிறுநீர்ப் பாதையின் சில்லறைத் தொந்தரவுகளுக்கும் பாரம்பரிய மருந்தாக ஏற்கின்றன. அவ்வளவுதான். சிறுநீர் அதிகம் போவது வேறு, சிறுநீரகம் 'சுத்தமாவது' வேறு. சிறுநீரகம் ஏற்கனவே பழுதானவர்கள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் கூடாது. யாருக்கு ஆசையோ அவருக்கே ஆகாத மருந்து என்பது இதன் விசேஷம்.

இன்னொன்று, இது முக்கியம். தோட்டத்தில் அழகுக்கு வைத்திருக்கும் ஜூனிபரிலிருந்து காயைப் பறித்து வாயில் போடாதீர்கள். சமையலுக்கும் மருந்துக்கும் ஆவது ஜூனிபெருஸ் கம்யூனிஸ் என்ற இனம். சபைனா என்ற இன்னொரு இனமும் தோட்டங்களில் படர விடப்படுகிறது, அது நஞ்சு. கருவைக் கலைக்க ஐரோப்பாவில் அதைக் குடித்து உயிரைவிட்ட பெண்கள் உண்டு. அடையாளம் வேண்டுமானால்: கம்யூனிஸின் இலை ஊசி, மும்மூன்றாக நிற்கும், மேல்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு, கையைக் குத்தும். சபைனாவின் முற்றிய இலை செதில் செதிலாக அழுந்தியிருக்கும், கசக்கினால் கெட்ட நாற்றம். ஆனால் இந்த அடையாளத்தை நம்பி யாரும் காய் பொறுக்கப் போகாதீர்கள்.

தோலுக்குப் பூசும் கேட் எண்ணெய் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். ஆக்ஸிசெட்ரஸ் என்ற ஜூனிபரின் கட்டையைக் காற்றில்லாமல் சுட்டு எடுக்கும் கறுப்புத் தார் அது, குழித்தைலம் இறக்குவது மாதிரி. படைக்கும் சொரிக்கும் ஒரு காலத்தில் பூசினார்கள். உள்ளுக்குக் குடிப்பதற்கு அல்ல.

கேள்வி: லடாக்கில் ஜூனிபரை எரித்துப் புகை போடுவதைப் பார்த்தேன். அதே செடியா?

பதில்: அதே பேரினம், வேறு இனங்கள். அங்கே அதற்கு ஷுக்பா என்று பெயர். ஹெமிஸ் ஷுக்பாச்சன் என்ற கிராமத்துக்கே அந்தத் தோப்பினால்தான் பெயர் வந்தது. திபெத்தியப் பௌத்தர்கள் காலையில் மாடியிலும் கணவாய் முகட்டிலும் கிளையை எரித்துப் புகையைக் காணிக்கையாக அனுப்புகிறார்கள். பாகிஸ்தானின் வடகோடியில் உள்ள ஹுன்சா பள்ளத்தாக்கில் பிதான் என்ற குறிசொல்லிகள் அந்தப் புகையை இழுத்துத்தான் அருள் வந்து ஆடுவார்கள். இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஸ்காட்லாந்து மலைநாட்டிலும் புத்தாண்டுக் காலையில் ஜூனிபரைக் கொளுத்தி, வீடு, மாட்டுத்தொழுவம் எல்லாம் புகை போட்டார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததில்லை. வேறு மரம் வளராத உயரத்திலும் இது நிற்கிறது (தென்கிழக்குத் திபெத்தில் 4,900 மீட்டரில் ஜூனிபர் மரம் இருக்கிறது), எண்ணெய்ப் பசை உள்ள இலை, நெருப்புப் பட்டதும் மணக்கிறது. அங்கே இருக்கிறவர்கள் வேறு எதை எரிப்பார்கள்?

லடாக்கில் இருந்த தோப்புகள் நன்றாகவே குறைந்துவிட்டன. இந்த மரம் மிக மெதுவாக வளரும், வெட்டிய இடத்தில் மறுபடி வர ஒரு மனித ஆயுள் போதாது. பலூசிஸ்தானின் ஜியாரத் காடு 2013இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்தது, அங்கேயும் விறகுதான் பெரிய பிரச்சினை.

கேள்வி: ஜின் என்ற மதுவுக்கும் ஜெனீவா நகரத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: ஒன்றும் இல்லை. பிரெஞ்சில் ஜூனிபர் ழெனியேவ்ர், டச்சில் யெனேவர். ஆங்கிலேயர் வாயில் அது ஜெனீவா ஆகி, பிறகு வால் அறுந்து ஜின் ஆனது. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஜூனிபர் சுவை முன்னால் நிற்காவிட்டால் அதை ஜின் என்று விற்க முடியாது. காய் பெரும்பாலும் காட்டில் பொறுக்கியதுதான், தோட்டப் பயிர் அல்ல. கீழே துணி விரித்துக் கிளையைத் தட்டினால் நீலக் காய் விழும், பச்சைக் காய் மரத்திலேயே நிற்கும்.

கேள்வி: பரிசாக வந்த ஜூனிபர் போன்சாயை வரவேற்பறையில் வைத்திருந்தேன். ஒரு மாதம் பச்சையாக இருந்தது, திடீரென்று பழுப்பாகிவிட்டது. அடுத்து ஒன்று வாங்கினால் காய் பிடிக்குமா?

பதில்: திடீரென்று அல்ல. செத்த பிறகும் சில வாரம் பச்சை காட்டுகிற செடி இது. நீங்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது அநேகமாக இறந்த செடிக்கு. ஜூனிபர் வீட்டுக்குள் இருக்கும் செடியே அல்ல. நேர் வெயில், ஓடும் காற்று, குளிர்காலத்தில் நல்ல குளிர் மூன்றும் வேண்டும். வேர் ஈரத்தில் ஊறினால் அழுகிவிடும்.

காய் விஷயம்: பெரும்பாலான ஜூனிபர்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தம் காற்றில் வரும். காய் பழுக்க இரண்டு வருடம், சில சமயம் மூன்று ஆகும், அதனால்தான் ஒரே கிளையில் பச்சையும் நீலமும் சேர்ந்து இருக்கும். விதை போட்டு முளைக்க வைக்க நினைக்காதீர்கள், அதற்கே ஒரு வருடத்துக்கு மேல் போகும். வெட்டுக்கிளையிலிருந்து வளர்த்த கன்றாகக் கேளுங்கள். காய் வேண்டுமென்றால் காய்த்திருக்கும் பெண் செடியாகவே பார்த்து வாங்கி, பக்கத்தில் ஓர் ஆண் செடியையும் வையுங்கள். இரண்டும் வெளியே.